ஒரிஜினல் கவுதாரி

அக்கா,

இன்று காலை ஒரு சி.பி.யூ.வைத் திறந்து புளோயரை வைத்தேன். கடை முழுக்கப் பஞ்சு பறந்தது. மற்ற ஊர்களில் கம்ப்யூட்டர் வைரஸால் படுக்கும், நம் ஊரில் பஞ்சால் படுக்கும். பனியன் கம்பெனி ஆபீஸ் ரூமில் கொஞ்ச காலம் இருந்தால் போதும், உள்ளே இருக்கும் விசிறியில் ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு சேர்ந்துவிடும். அது சூட்டில் லேசாகக் கருகி ஒரு வாசனை வரும். இஸ்திரிப் பெட்டியை பனியன் மேல் வைத்து மறந்துவிட்ட வாசனை. அது மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க தம்பி, இது கம்ப்யூட்டருங்களா, பஞ்சு மில்லுங்களா?" என்று கேட்டபடி.

கஸ்டமர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உங்களைப் பற்றி யாரிடமாவது பேசலாம் என்றால், "நல்ல பொம்பளை, பாவம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் 'பாவம்' பிடிக்கவில்லை. நீங்கள் எந்தக் காலத்தில் பாவமாக இருந்தீர்கள்? உங்களிடம் மாட்டியவர்கள்தான் பாவம். அதில் நானும் ஒருவன். அதனால்தான் உங்களிடமே பேசிவிடலாம் என்று எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த முதல் சில வருஷங்களில்தான் நான் திருப்பூர் மண்ணரையில் கம்ப்யூட்டர் கடை போட்டேன். அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். நான் மெஷினில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கற்றுக்கொண்டவன். உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. கீழே வீடு, மேலே தகரக் கூரைக்கு அடியில் தையல் மெஷின்கள். உங்கள் வீட்டுக்காரரை எங்கள் ஊர் வழக்கப்படி நான் அத்தான் என்று கூப்பிட, அவர் கூச்சத்தில் நெளிவார்.

உங்களுக்கு நான் செய்து கொடுத்த கம்ப்யூட்டரும் எல்லாருக்கும் செய்து கொடுத்தது போலத்தான். வாங்க வருகிறவர்கள், "எல்லாம் போட்டுத்தானே குடுப்பீங்க?" என்று கேட்பார்கள். எல்லாம் என்றால் எல்லாம். ஆபரேட்டிங் சிஸ்டம், கணக்கு எழுத ஒன்று, படம் வரைய ஒன்று, எழுத்துரு ஒரு மூட்டை, பிள்ளைகளுக்குக் கார் ஓட்டும் விளையாட்டு. எல்லாமே டூப்ளிகேட். ஊரே அப்படித்தான் இருந்தது. அதில் எனக்கு வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது. குழம்பில் உப்புப் போடுகிறவன் அதைப் பற்றி யோசிக்கவா செய்வான்?

அதுவரை நீங்கள் அடுத்தவர் லேபிளுக்குத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். துணி அவர்களுடையது, அளவு அவர்களுடையது, கழுத்துக்குப் பின்னால் வைக்கிற பெயரும் அவர்களுடையது. உங்களுக்கென்று ஒரு பெயரில் பனியன் போட வேண்டும் என்பது உங்கள் பல நாள் ஆசை. அத்தான் முருகன் பெயராகத் தேடினார். "முருகன் பேரையெல்லாம் ஏற்கெனவே ஆள் புடிச்சுட்டாங்க. அவருக்கே இப்ப வேற பேரு வெக்கோணும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் வைத்த பெயர் கவுதாரி. அந்தப் பறவையை நீங்களே கம்ப்யூட்டரில் வரைந்தீர்கள். மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வரைந்து முடித்தபோது அது கவுதாரி போலவும் இருந்தது, சீக்கு வந்த கோழி போலவும் இருந்தது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. நான் சிரித்தேன். "கோழின்னு நெனச்சு வாங்கறவங்களும் வாங்கட்டுமுங்க" என்றீர்கள்.

வாங்கினார்கள். காதர்பேட்டை மொத்த பனியன் கடைகளில் கவுதாரி என்று பெயர் சொல்லிக் கேட்கும் அளவுக்கு வந்தது. அடுத்தவருக்குத் தைப்பதை நிறுத்தினீர்கள். மேலே இருந்த மெஷின் எல்லாம் கவுதாரிக்கே ஓடியது. அப்போதுதான் அத்தான் ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து ஒரு பனியனை வாங்கிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் போட்டார். கவுதாரி. அதே எழுத்து, அதே பறவை, அதே குட்டைக் கால். நீங்கள் செய்த தப்பைக்கூட விடாமல் காப்பி அடித்திருந்தார்கள். துணி மட்டும் கேவலம். ஒரு தடவை தோய்த்தால் கழுத்து தொளதொளத்துவிடும். அதை வாங்கிப் போன வெளியூர் வியாபாரிகள் உங்களைத்தான் திட்டினார்கள். சரக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. இந்தப் பெயர் போனால் திரும்பவும் அடுத்தவர் பெயரைத் தைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அத்தான் வழக்கம்போல, "போச்சாது, உடு அம்மிணி" என்றார். போனால் போகட்டும் என்று அர்த்தம். அவருக்கு எதுவும் போச்சாதுதான். மழை பெய்து பண்டல் நனைந்தாலும் போச்சாது, கரண்ட் போனாலும் போச்சாது. நீங்கள் விடவில்லை. தேடிக் கண்டுபிடித்தீர்கள். போலியை அடித்தது ஒரு குன்னத்தூர்க்காரர், உங்களைவிடப் பத்து மடங்கு பெரிய கம்பெனி. பனியன் கம்பெனிக்காரர்கள் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தீர்கள். பெரியவர் ஒருவர் முன்னால் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. நீங்கள் வெயிலில் நடந்து நேராக என் கடைக்கு வந்து சொன்னதுதான். நீங்கள் உங்கள் பனியனையும் குன்னத்தூர்க்காரர் பனியனையும் மேசையில் வைத்திருக்கிறீர்கள். அவர் இரண்டையும் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"அம்மிணி, இந்தப் படத்தை எதுல வரஞ்சீங்க?"

"கம்ப்யூட்டர்லீங்க."

"அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறது ஒரிஜினலுங்களா?"

அவர் சும்மா ஒரு கல்லை விட்டுப் பார்த்திருக்கிறார். ஊரில் யாரிடம் கேட்டாலும் விழுகிற கல் அது. "டூப்ளிகேட்டுல வரஞ்சதுக்கு டூப்ளிகேட் வருது. இதுக்குப் பஞ்சாயத்துங்களா?" என்று அவர் சொல்ல, அந்த அறை முழுக்கச் சிரித்ததாம். பெரியவரும் சிரித்தாராம். அதுதான் உங்களுக்குத் தாங்கவில்லை.

என் கடைப் படியில் ஏறும்போதே சொன்னீர்கள்: "தம்பி, எல்லாத்தையும் எடுத்துப்போடுங்க."

"எதயக்கா?"

"நீங்க எல்லாம் போட்டுக் குடுத்தீங்களே. அந்த எல்லாத்தையும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யக்கா, இந்தத் திருப்பூர்ல எவன்கிட்ட ஒரிஜினல் இருக்கு? அந்தாளுகிட்ட இருக்கா? திருப்பிக் கேட்டியளா?"

"அவருகிட்ட இல்லீங்கறது எனக்கும் தெரியுமுங்க. அவரு கேட்டதுக்கு ஆமாங்கன்னு சொல்ல என்னால முடியலீங்களே. எனக்கு அதுதானுங்க." கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தீர்கள்: "நான் ஊத்துக்குளிக்காரிங்க. எங்க ஊருப் பேரைப் போட்டு எங்கெங்கயோ வெண்ணெய் விக்கறாங்க. அதைப் பாத்து வயிறெரிஞ்சே வளந்தவ நானு. என்ற ஊட்டுக்குள்ளயே அதைத்தான் வெச்சிருக்கறேன்னு இன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது."

எல்லாவற்றையும் காசு கொடுத்து ஒரிஜினலாக வாங்க வேண்டும் என்றால் ஓவர்லாக் தையல் மெஷின்களை விற்க வேண்டியிருக்கும் என்றேன். வேறு வழி என்ன என்று கேட்டீர்கள். அப்போதுதான் அலமாரியில் கிடந்த சிடி ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒட்டி வந்தது. லினக்ஸ் என்று வேறு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பாட்டுக்கூடப் பாடவில்லை என்று தூக்கிப் போட்டிருந்தேன்.

"இது யாருதுங்க?" என்று கேட்டீர்கள். விலையைக் கேட்பீர்கள் என்று நினைத்திருந்தேன்.

"யாருதுன்னு சொல்ல முடியாதுக்கா. உலகம் பூரா நெறைய பேரு சேந்து செஞ்சது."

"செஞ்சவங்க இருப்பாங்கல்லங்க. அவிக என்ன சொல்றாங்க?"

அதன் அனுமதிப் பத்திரத்தைத் திறந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத் தடுமாறி உங்களுக்குச் சொன்னேன். ஓட்டிக்கொள்ளலாம். பிரித்துப் பார்க்கலாம். பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் வாங்கிய அதே உரிமையோடு கொடுக்க வேண்டும், உங்கள் கையில் வந்தபிறகு பூட்டக் கூடாது.

"காப்பி எடுங்கன்னு அவிகளே சொல்றாங்களா?"

"ஆமாக்கா."

"வாய் வார்த்தையாவா?"

"எழுத்துலயே இருக்கு."

"அப்ப இது நாயமுங்க. கேட்டு எடுக்கறது வேற, கேக்காம எடுக்கறது வேற. போடுங்க."

போட்டேன். அதற்குப் பிறகு நாம் பட்ட பாடு இருக்கிறதே! மோடம் செத்ததுபோல் கிடந்தது. இன்டர்நெட்டுக்கு நான் வேறு ஒரு மோடத்தைத் தேடி அலைந்தேன். பிரிண்டர் பில்லை அடிக்காமல் சீனமொழி மாதிரி எதையோ அடித்துத் தள்ளியது. ஆடிட்டர் ஆபீசில் கேட்கிற கணக்கு சாஃப்ட்வேர் இதில் ஓடாது என்றதும் அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊர்ல எல்லாருத்துக்கும் ஆகறது நமக்கு மட்டும் ஆகாதா அம்மிணி? போச்சாது, பழசையே போடச் சொல்லு" என்றார். நானும் அவர் கட்சிதான். தினமும் ஒரு தடவை, "பழசையே போட்டுத் தாரேன், யாருக்குத் தெரியப் போவுது?" என்று கேட்டுப் பார்ப்பேன். "எனக்குத் தெரியுமுங்க" என்பீர்கள். குரல் உயராது. 'ங்க' குறையாது. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆடிட்டருக்குக் கணக்கை அட்டவணையாக எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அவர் முகம் சுளித்தார். "நீங்க சுளிச்சுக்கோங்க சார், கணக்குச் சரியா இருக்குதான்னு மட்டும் சொல்லுங்க" என்றீர்களாம்.

எல்லாவற்றையும்விட அந்தப் பறவைதான் என்னை நிஜமாகக் கடுப்பேற்றியது. பழைய படத்தை அப்படியே இதில் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டீர்கள். திருட்டு சாஃப்ட்வேரில் வரைந்தது திருட்டுப் பறவை. மறுபடி முதலிலிருந்து வரைவேன் என்றீர்கள். "படம் உங்க கையி வரஞ்சதுக்கா. சாஃப்ட்வேரா வரஞ்சது?" என்று கத்தினேன். கத்தி முடிக்கும்வரை காத்திருந்தீர்கள். பிறகு லினக்ஸில் இருந்த படம் வரையும் சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு கோடு இழுத்தீர்கள். இந்த முறை வந்த கவுதாரி கழுத்தைத் தூக்கிக்கொண்டு, யாரையோ என்னடா என்று கேட்பதுபோல் நின்றது. கால் இரண்டும் ஒரே நீளம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

அதற்குள் தமிழிலேயே அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பார்க்கலாம் என்று நான் கண்டுபிடித்திருந்தேன். எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. உங்களுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று சொல்லாமல் மாற்றிவைத்தேன். மறுநாள் கடைக்கு ஆள் வந்தது. அக்கா உடனே கூப்பிடுகிறார்கள் என்று. ஓடி வந்து பார்த்தால் நீங்கள் திரையையே முறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க தம்பி, இது என்னை வெளியேறுங்குது!"

"யக்கா, அது உங்களச் சொல்லல. நீங்க அதுக்குச் சொல்லுத உத்தரவு. வெளியேறு, சேமி, திற, வெட்டு, ஒட்டு, எல்லாம் நீங்க சொல்லுதது."

"நான் யாரையும் அப்படிச் சொல்ல மாட்டனுங்களே. நம்ம கட்டிங் மாஸ்டரைக்கூட வெட்டுன்னு சொன்னதில்லீங்க. வெட்டுங்கன்னுதான் சொல்லுவேன்."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குக்கா மரியாத? எங்க ஊர்ல பெத்த அம்மாவையே நீ, வா, போன்னுதான் சொல்லுவோம்."

"அது உங்க ஊருங்க. இது என்ற ஊடு. மாத்திக்கலாம்னு அந்தப் பத்திரத்துல எழுதியிருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

சொன்னேன்தான். சொன்னதற்கு மாட்டிக்கொண்டேன். சொற்கள் எல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்ததால் ஒவ்வொன்றாக மாற்றப் பொறுமை இல்லாமல் ஒரு குறுக்கு வழி செய்தேன். 'சேமி' என்று வரும் இடமெல்லாம் 'சேமிங்க' ஆகட்டும், 'திற' எல்லாம் 'திறங்க', 'ஒட்டு' எல்லாம் 'ஒட்டுங்க' என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டேன். திரும்ப ஓட்டிப் பார்த்தால், 'சேமிப்பு' என்று இருந்தது 'சேமிங்கப்பு' ஆகியிருந்தது. 'திறன்' எல்லாம் 'திறங்கன்'. ஓர் இடத்தில் 'ஒட்டுங்கமொத்தம்' என்று வந்தது. நீங்கள் சிரித்த சிரிப்பில் மேலே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்கள். மற்றதையெல்லாம் திருத்தச் சொன்னீர்கள். சேமிங்கப்பை மட்டும் தொட விடவில்லை. "இருக்கட்டுமுங்க, நல்லாத்தானே இருக்குது" என்றீர்கள். அன்றிலிருந்து நான் எதை முடித்தாலும், "சேமிங்கப்புப் பண்ணிப்போட்டீங்களா தம்பி?" என்றுதான் கேட்பீர்கள்.

சங்கத்தில் மறுபடி பேச்சு வைக்கச் சொல்லி நீங்கள்தான் கேட்டு வாங்கினீர்கள். அன்றைக்குக் காலையில் என்னைக் கூப்பிட்டு, "ஆட்டோ ஒண்ணு சொல்லுங்க தம்பி" என்றீர்கள். எதற்கு என்று கேட்டால் கம்ப்யூட்டரைக் காட்டினீர்கள். உங்கள் மடியில் சி.பி.யூ. என் மடியில் அந்தக் காலத்து மானிட்டர், தாடை இடிக்கிற அளவுக்குப் பெரியது. பின்னால் மொபெட்டில் அத்தான், கீபோர்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. ரயில்வே கேட்டில் நின்றபோது பக்கத்தில் வந்து, "இப்பக்கூட ஒண்ணும் ஆயிரல அம்மிணி, திரும்பீரலாம்" என்றார். நீங்கள் ஆட்டோக்காரரிடம், "கேட்டு தொறந்துருச்சுங்க, போங்க" என்றீர்கள்.

சங்கத்து மேசையில் கம்ப்யூட்டரை வைத்து நான் வயர்களை மாட்டினேன். குன்னத்தூர்க்காரர், "கச்சேரிங்களா அம்மிணி?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நீங்கள் சுவிட்சைப் போட்டீர்கள். உள்ளே நுழைய வேண்டிய இடத்தில் திரையில் எழுத்து வந்தது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தார்: "வாங்க. உங்க பேரைச் சொல்லுங்க." படித்துவிட்டு உங்களைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் இப்படியெல்லாமா பேசும்?" என்றார்.

"கடையில வாங்குனா பேசாதுங்க. இது எங்குளுதுங்க. நாங்க பேச வெச்சது."

அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "இதென்னுங்க, சேமிங்கப்பு?"

எனக்கு வேர்த்துவிட்டது. நீங்கள் கொஞ்சமும் அசையவில்லை. "அது தப்புங்க. ஆனா தப்பும் எங்குளுதுதானுங்க. யாருதையும் பாத்துப் பண்ணுனது இல்லீங்க." இதைச் சொல்லும்போது குன்னத்தூர்க்காரரைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். பழைய கவுதாரியின் குட்டைக் காலைக்கூட அவர் அப்படியே காப்பி அடித்தது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பிறகு புதிய கவுதாரியைத் திறந்து காட்டினீர்கள். "போன தடவை நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் இல்லீங்க. இப்பக் கேளுங்க."

அவர் விடுகிற ஆளா? "இது ஓசில வர்ற சரக்குங்க. இதுல என்ன பெருமை?" என்றார்.

நீங்கள் கைப்பையைத் திறந்து ஒரு லினக்ஸ் சிடியை எடுத்தீர்கள். அதை எப்போது எழுதச் சொல்லி என்னிடம் வாங்கினீர்கள் என்பதே எனக்கு மறந்திருந்தது. அவர் முன்னால் வைத்தீர்கள்.

"இதை நீங்க எத்தனை காப்பி வேணாலும் போட்டுக்கோங்க. உங்க ஊட்டுக்கு, கம்பெனிக்கு, சொந்தக்காரங்களுக்கு, யாருக்கு வேணாலும் குடுங்க. செஞ்சவங்களே எழுதிக் குடுத்திருக்கறாங்க, நீங்க யாருக்கும் பயப்பட வேண்டீதில்லை. கவுதாரி நான் செஞ்சதுங்க. அதுக்கு நான் அப்படி எழுதிக் குடுக்கலீங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் அந்த சிடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. பெரியவர்தான் பேசினார். குன்னத்தூர்க்காரர் கம்பெனியில் மிச்சம் இருக்கும் கவுதாரி லேபிள் ரோல்களை நாளைக்கே கொண்டுவந்து சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார். கொண்டுவந்தார்கள். நீங்கள் அதை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போய் உங்கள் கையாலேயே கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினீர்கள். நான் உதவிக்கு வந்தேன், கத்தரியைத் தர மாட்டேன் என்றீர்கள்.

அந்த மனிதர் திருந்தினார் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. கொஞ்ச நாளில் வேறு யாருடைய லேபிளோ அவர் கம்பெனியில் ஓடியது. கவுதாரியை மட்டும் தொடவில்லை. அந்த சிடியை மாடியில் காக்காய் விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருப்பார் என்று நான் சொல்வேன். "அப்படியாச்சும் பயன்படட்டுமுங்க" என்பீர்கள்.

அதன் பிறகு உங்களைப் பார்த்துத்தான் நான் மாறினேன் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். நான் பிடிவாதக்காரன். உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒன்று, ஊருக்கெல்லாம் ஒன்று என்று நெடுநாள் ஓட்டினேன். நீங்கள் ஒரு தடவைகூட அதற்காக என்னைக் குத்திக் காட்டவில்லை. ஆனால் என்னிடம் கம்ப்யூட்டர் வாங்க வந்த உங்கள் சொந்தக்காரர்களையெல்லாம், "எனக்குப் போட்டதையே போடுங்கன்னு கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தீர்கள். அவர்கள் வந்து, வாங்க என்று கூப்பிடும் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று நின்றார்கள். என்னை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அத்தானும் நானும்தான் கூடத்தில் இருந்தோம். குன்னத்தூர்க்காரர் வந்தார். வயதாகிவிட்டது, கைத்தடி ஊன்றி வந்தார். உங்கள் படத்தின் முன்னால் நிஜமாகவே கும்பிட்டார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு அத்தானிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"இனி நீங்க ஒத்தையாளு. உங்களால ஓட்ட முடியாதுங்க. கவுதாரியை எனக்குக் குடுத்துருங்க. முறையா எழுதியே வாங்கிக்கறனுங்க. அம்மிணி போனதுக்கப்பறம் கேக்காம எடுக்க எனக்கு மனசு வரலீங்க."

கேட்டார் அக்கா. ஒரு காலத்தில் கேட்காமல் எடுத்த அந்த மனிதர் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார். எனக்கு அப்போதே வெளியே ஓடிப்போய் அழ வேண்டும்போல் இருந்தது.

அத்தான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்? வாயில் அந்தப் 'போச்சாது' வருவதற்குள் குறுக்கே விழுந்து தடுத்துவிட வேண்டும் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அவர் தலையைத் தூக்கினார்.

"இல்லீங்க," என்றார். "காப்பி குடிச்சுட்டுப் போங்க."

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, குரல் உயரவில்லை. குன்னத்தூர்க்காரர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அத்தான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கவுதாரி இன்றைக்கும் ஓடுகிறது. மேலே மெஷின்களுக்கு நடுவே அவர் தப்பும் தவறுமாக நின்றுகொண்டிருக்கிறார், நின்றுகொண்டேதான் இருக்கிறார்.

எனக்கு உங்கள் பொறுமை வராது. எங்கள் ஊர்க் கோபம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனாலும் என் கடையில் இப்போது டூப்ளிகேட் போடுவதில்லை. போன வாரம் ஒரு பெரிய ஆபீஸ்காரர் வந்தார். வரிசையாக அத்தனை கம்ப்யூட்டருக்கும் எல்லாம் போட்டுக் கொடுத்துவிடு, வருஷம் பூரா வேலை உனக்குத்தான் என்றார். முன்பு என்றால் ஒன்று வேலையை வாங்கி எல்லாம் போட்டுக் கொடுத்திருப்பேன், அல்லது வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பியிருப்பேன். நான் எழுந்து நின்று, "முடியாதுங்க" என்றேன். ஏன் என்று கத்தினார். "முடியாதுங்க" என்றேன். இந்த ஊரில் இன்னொருவன் கிடைக்க மாட்டானா என்றார். "கிடைப்பாருங்க" என்றேன். நான் திட்டியிருந்தால் அவர் பாதிக் கோபத்தோடு போயிருப்பார். இந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூஞ்சி அப்படியே சிவந்துபோய், சாவியைக்கூட மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய், திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரே சந்தோஷம். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டேன். அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது ஞாபகம் வந்தது.